தமிழ்நாட்டிலுள்ள அத்தை குடும்பத்துக்காகச் சட்ட விளக்கம் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். 1983 வன்செயலின்போது எங்கள் தோட்டத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குச் சென்ற அத்தை, இன்றும் முகாமுக்கு வெளியே அங்கேயே வசிக்கிறார். செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ விசாவோ இன்றி நுழைவோருக்கு 5 ஆண்டுகள் வரை சிறையோ, 5 இலட்சம் இந்திய ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இந்தியாவின் 2025ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து, பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு இத்தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. உயிருக்கு அஞ்சி ஓடியவர்களுக்கு இது நியாயமாகக் கிடைக்க வேண்டியதே.

அத்தையிடம் இருப்பதோ, மடிப்பில் கிழிந்து, காவல் நிலைய முத்திரை மங்கிப்போன ஒரு தாள் மட்டுமே. அதைப் பதிவுக்குச் சான்றாக ஏற்பார்களா, அவருடைய பிறப்புச் சான்றிதழை இங்கிருந்து எடுத்து அனுப்பினால் பயன்படுமா என்பதை, விடயமறிந்த சட்டத்தரணிகளோ இதே நிலையிலுள்ள குடும்பத்தினரோ தயவுசெய்து அறியத் தாருங்கள்.