சிலந்தி நரம்புக்கு ஊசி போட்டு வருஷங்கள் ஆனவர்களே, உங்கள் கால் இப்போது எப்படி இருக்கிறது?

கொலுசுக்காரி:
ஊசி வலிக்குமா, எத்தனை ஆயிரம் ஆகும் என்று கேட்பவர்கள் நிறைய. போட்டு வருஷக்கணக்கான பிறகு கால் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. நானே தொடங்குகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தொடையின் வெளிப்பக்கமும் முழங்காலின் பின்புறமும் சிவப்பும் நீலமுமாக வேர் விட்ட மாதிரி கோடுகள். டாக்டர் ஸ்பைடர் வெயின் என்றார். வீட்டில் வந்து 'சிலந்தி நரம்பு' என்று சொன்னதுதான் தாமதம், மாமியார் பதறிவிட்டார். அவர் ஊரில் நரம்புச் சிலந்தி என்றால் குடிக்கிற தண்ணீரில் வந்து, காலைப் பொத்துக்கொண்டு வெளியே தலைநீட்டும் புழு. குச்சியில் சுற்றிச் சுற்றி எடுப்பார்களாம். அந்தப் புழு 1996-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வரவில்லை, இது வேறு சமாச்சாரம் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

2016 மார்கழியில் முதல் ஊசி. (வெயில் காலத்தில் வேண்டாம். ஊசிக்கு அப்புறம் போட்டுக்கொள்ளச் சொல்கிற இறுக்கமான ஸ்டாக்கிங்ஸைப் புடவைக்குள் மாட்டிக்கொண்டு சித்திரையில் நடமாடிப் பாருங்கள், தெரியும்.) மருந்தின் பெயர் பாலிடோகனால். முடி மாதிரி ஊசியால் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஏற்றினார்கள். அந்த ரத்தக்குழாயின் உள்சுவர் புண்ணாகி ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் வேறு வழி பார்த்துப் போய்விடுகிறது. மூடின குழாயை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. ஐந்து வார இடைவெளியில் எனக்கு மூன்று தடவை.

முதல் மாதம், காசு கொடுத்துக் காலைக் கெடுத்துக்கொண்டேனோ என்றிருந்தது. அவ்வளவு கன்னிப்போய்க் கிடந்தது. மூன்றாம் மாதம் கோடுகளைக் காணோம். ஆனால் அதே இடத்தில் அதே வடிவில் காப்பிக் கறை! உள்ளே தங்கின ரத்தத்தின் இரும்பு தோலில் படிவதாம். பலருக்கு ஒரு வருஷத்துக்குள் மங்கிவிடும் என்றார் டாக்டர். எனக்கு முழங்காலின் பின்னால் ஒன்றரை வருஷம் இருந்தது. தடவிப் பார்த்த க்ரீம் எதற்கும் அது அசையவில்லை, தானாகத்தான் போனது.

மூடின கோடுகளில் ஒன்றுகூட இன்றுவரை எனக்குத் திரும்பவில்லை. ஆனால் நாலாம் வருஷம், இரண்டு விரல்கடை தள்ளிப் புதிதாக முளைத்தன. 2021-ல் அதற்கும் ஒரு தடவை போட்டேன். இப்போது வேறு இடத்தில் மறுபடி இரண்டு. இனிமேல் போடுவதாக இல்லை. அந்தக் கோட்டுக்குத்தான் மருந்து. கோடு போடுகிற உடம்புவாகு அப்படியேதான் இருக்கிறது.

ஜவுளிக்கடை அக்கா:
நீங்க சொல்றது கோடு மட்டும் இருக்கறவங்களுக்குச் சரிம்மா. என் கதை வேற. 22 வருஷம் சேலை செக்‌ஷன்ல நின்னே காலம் போச்சு. கடையில உக்கார நாற்காலி குடுக்கணும்னு சட்டம் வந்ததே 2021-லதான். அதுக்குள்ள என் கால் முடிஞ்சிருச்சு.

முதல்ல போன கிளினிக்ல ஸ்கேன் எதுவும் எடுக்கலை. பார்த்தாங்க, ஊசி போட்டாங்க, காசு வாங்கினாங்க. எட்டே மாசத்துல அதே இடத்துல அத்தனையும் திரும்ப வந்திருச்சு. அப்புறம் வேற டாக்டர்கிட்ட போனேன். நிக்க வெச்சு டாப்ளர், அதான் ரத்த ஓட்டம் பார்க்கற ஸ்கேன், எடுத்தார். தொடையில இருக்கிற பெரிய குழாயோட வால்வு ஒழுகுதாம். "மேல தொட்டி வழியுது, கீழ தரையைத் துடைச்சு என்ன பண்றது"ன்னு கேட்டார். பெரிய குழாயை லேசர்ல அடைச்சுட்டு, அப்புறமா சின்னதுக்கு ஊசி. அஞ்சு வருஷமாச்சு, சாயங்காலம் கால் கடுக்கறது பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. புதுசா ரெண்டு மூணு கோடு இருக்கு, இல்லேன்னு சொல்லலை.

கண்டக்டர்:
ஆம்பளைங்களுக்கும் வரும், கூச்சப்படாம சொல்றேன். எனக்கு உள் கணுக்காலுக்குக் கீழே விசிறி மாதிரி விரிஞ்சிருந்தது. அழகுக்கு என்ன, பேன்ட் போட்டா தெரியாதுன்னு விட்டுட்டேன். அந்த இடத்துல அப்படி வந்தா உள்ளே ரத்தம் சரியா மேலே ஏறலைன்னு அர்த்தமாம். விட்டதோட பலன், இப்ப அங்க தோல் கறுத்து மரப்பட்டை மாதிரி ஆயிடுச்சு.

பெயர் வேண்டாம்:
நான் ஊசிக்குப் பயந்து ஒரு பார்லரில் லேசர் செய்துகொண்டேன். மாநிறம். கோடு போனதோ இல்லையோ, கெண்டைக்கால் முழுக்க வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்தும் இருக்கிறது. லேசரில் பல வகை உண்டு, நம் மாதிரி நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம்தான் ஓரளவு பாதுகாப்பு என்று பிறகு தோல் டாக்டர் சொன்னார். அந்தக் கடையில் மெஷினை இயக்கின பெண்ணுக்கு அது தெரிந்திருக்குமா என்றே சந்தேகம்.

கைக்குழந்தைக்காரி:
குழந்தைக்கு நாலு மாசம். கால் முழுக்கக் கோடு. பால் கொடுக்கிறேன், இப்பவே போட்டுக்கலாமா அக்கா?

நைட் ட்யூட்டி நர்ஸ்:
அவசரம் வேண்டாம்மா. கர்ப்பத்தில் போடமாட்டார்கள், பால் கொடுக்கும்போதும் பெரும்பாலும் தள்ளித்தான் வைப்பார்கள். பிரசவத்துக்கு அப்புறம் சில மாதங்களில் தானாகவே கொஞ்சம் அடங்கும். இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் மூன்று விஷயம். ஊசி போட்ட இடத்தைச் சுற்றி மெல்லிய சிவப்பு வலை புதிதாகப் படர்ந்தால் பயப்படாதீர்கள், உடனே அதன் மேல் இன்னொரு ஊசிக்கும் ஓடாதீர்கள். பல பேருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். கோட்டில் கறுப்பாக, தொட்டால் வலிக்கிற மாதிரி கட்டி நின்றால் அது உறைந்து மாட்டிக்கொண்ட ரத்தம். டாக்டர் ஊசிமுனையால் குத்தி வெளியேற்றிவிட்டால் கறையும் குறையும். அதற்காகத்தான் மறுபரிசோதனைக்குக் கூப்பிடுகிறோம், நீங்கள்தான் வருவதில்லை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

இதை நரம்பு என்று சொல்வதே தப்பு, இது சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய். ஆனால் வார்டில் சிரை என்றால் யாருக்கும் புரியாது. நானும் நரம்பு என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஜவுளிக்கடை அக்கா:
சாக்ஸ் இன்னும் போடறீங்களா கொலுசு?

கொலுசுக்காரி:
ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து போகும்போதும், கல்யாண வீட்டில் நிற்கிற நாளிலும் மட்டும். ஆறு மாதத்தில் அதன் பிடி தளர்ந்துவிடுகிறது, புதிது வாங்க வேண்டியிருக்கிறது. அதைப் போட்டால் கொலுசு போட முடியாது. வளைகாப்புக்குப் போனால் வாசலிலேயே கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறேன்.