அம்மாட கால் புண்ணுக்கு வேப்பிலை வெள்ளி மருந்து பூசலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
அம்மாவுக்குச் சீனி வருத்தம். வயலுக்குள்ள முள்ளுக் குத்தின குதிக்கால் புண் ஆறு கிழமையாகியும் மாறல்ல. வேப்பிலைச் சாற்றால வெள்ளி நனோத் துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சின்ன வெள்ளித் துகள், செய்யலாமாம். வீட்டில செஞ்சு பூசட்டா?

வந்தாறுமூலையிலிருந்து:
வேணாம் தங்கச்சி. நான் ஆய்வுகூடத்தில செஞ்சிருக்கன். வெள்ளி நைத்திரேற்று எண்ட வெள்ளி உப்புக் கரைசலில சாற்றை விட்டா, இலையில உள்ள பொருள்களே வெள்ளி அயனை (மின்னேற்றமுள்ள வெள்ளி அணுவை) துகளாக்கும். வேற நச்சு இரசாயனம் தேவையில்ல, அதுதான் இதிர சிறப்பு. கரைசல் கபில நிறமாகிறதைப் பார்க்கக்குள்ள மனசு துள்ளும்! 100 நனோமீற்றருக்கும் சின்னத் துகள். அதிலிருந்து வார வெள்ளி அயன் பக்டீரியாட சுவரைக் குலைக்கும். ஆனா மிஞ்சின வெள்ளி நைத்திரேற்று சதையைச் சுடும். வீட்டில கிருமிநீக்கமும் செய்யேலா.

அக்கரைப்பற்றிலிருந்து:
எங்கட வாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில வெள்ளி கலந்த கட்டுத்தான் போட்டாங்க. செத்த தசையை வெட்டி, சீனியும் குறைஞ்ச பிறகுதான் ஆறினது. சுணங்காதீங்க தங்கச்சி.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
விடிய முதல் பஸ்ஸில கூட்டிப் போறன்.