காவடிப் படம்: கட்டம் கட்டமான சொரசொரப்பை வரையும்போதே வைப்பதா, கடைசியில் ஏற்றுவதா?

மலையடி:
தைப்பூசத்துக்கு 20 விநாடிப் படம் ஒன்று செய்தேன். 240×135 பிக்சல், 16 நிறம், விநாடிக்கு 12 படம். மொரீஷியஸில் கத்ர் போர்ன் மலைக்கோயில் படியில் ஒருத்தர் காவடியோடு ஏறுகிறார், அவ்வளவுதான். பழைய வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியணும் என்றே வரைந்தது. 1920×1080 எம்பி4 ஆக்கி வாட்ஸாப்பில் அனுப்பினேன். ரெயூனியனில் இருக்கிற அத்தை கேட்டாங்க: "என்னப்பா, உங்க ஊர்ல நெட் மெதுவா?" ரோஜா நிற வேட்டி படிக்கல்லோடு கரைந்து கிடக்கு. எங்கே தப்பு?

எட்டுக்கட்டம்:
பெரிதாக்கும் முறை 'பைலினியர்' என்று இருந்திருக்கும். அது பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து, நீங்க வைக்காத இடைநிறங்களைப் போடும். 'நியரஸ்ட் நெய்பர்' வைங்க, அது கலக்காம அதே பிக்சலையே திரும்பப் போடும், சரியா 8 மடங்கு. 7.5 மடங்கு வேண்டாம்: ஒரு கட்டம் 7 பிக்சல், அடுத்தது 8 என்று ஆகி, நடக்க நடக்க முகம் நெளியும்.

ரோஜா நிறத்துக்கு வேறு காரணமும் உண்டு. எம்பி4-க்குள் வீடியோவைச் சுருக்குற எச்.264 முறை வழக்கமாக 4:2:0 என்ற கணக்கில் எழுதும். வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் இருக்கும், நிறம் 2×2 பிக்சலுக்கு ஒன்றுதான். பெரிதாக்காமல் 240×135-லேயே வீடியோ ஆக்கினால் சிவப்பும் ரோஜாவும்தான் முதலில் ஒழுகும் (135 ஒற்றைப்படை, பல கருவிகள் வாங்கவே வாங்காது). 8 மடங்கு என்றால் ஒரு கட்டத்துக்குள் 16 நிறப்புள்ளி உட்காரும். ஓரம் நிற்கும்.

ரோஸ்ஹில்_பையன்:
எதுக்குண்ணே இவ்வளவு பாடு? நான் 1080-லேயே வரைஞ்சுட்டு கடைசியில மொசைக் ஃபில்டர் போட்டு கட்டம் கட்டமா ஆக்கிடுவேன். ரெண்டு மணி நேர வேலை. கோயில் வாசல்ல செத் கரி (ஏழு கறிச் சாப்பாடு) சாப்பிட்டுக்கிட்டே ஃபோன்ல பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியுமா?

எட்டுக்கட்டம்:
அவர் அத்தைக்குத் தெரிஞ்சுதே தம்பி! மொசைக் சராசரி எடுக்கும். உடம்பில் தொங்குற எலுமிச்சை ரெண்டு கட்டம்தான். தோல் நிறத்தோடு சேர்ந்து சேறாயிடும். வரைஞ்சவன் அங்கே சுத்தமான மஞ்சள் ஒன்று வைப்பான், ஃபில்டருக்கு அது எலுமிச்சை என்றே தெரியாது. ஆள் நகரும்போது ஓரமெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி துடிக்கும் வேற.

ரோஸ்ஹில்_பையன்:
அந்தத் துடிப்புதான் எனக்கு வேணும். கையால வரையுற படத்துல கோடு நடுங்குனா அழகுங்கிறீங்க, என் ஓரம் நடுங்குனா மட்டும் குத்தமா?

மலையடி:
இதுக்கு என்னிடம் பதில் இல்லை, அவர் சொல்றதும் நியாயம்தான். ஆனா என் சிக்கல் எழுத்து. கடைசியில் 'அன்னதானம் உண்டு' என்று வரும். 8 பிக்சல் உயரத்தில் மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒன்றாயிடுது.

ரோஸ்ஹில்_பையன்:
எழுத்தை மட்டும் முழு 1080-ல போடுங்க.

எட்டுக்கட்டம்:
ஐயோ, வேண்டாம். ஒரே திரையில் ரெண்டு அளவுப் பிக்சல் இருந்தா ஓலைக்குடிசைக்குக் கண்ணாடிக் கதவு வைத்த மாதிரி. 12 பிக்சல் உயரம் கொடுங்க, சுழிகளுக்கு நடுவே ஒரு பிக்சலாவது காலி விடுங்க.

மலையடி:
ஜிஃப் ஆக்கிடட்டுமா? 256 நிறம் வரை இடம் இருக்கு, எனக்கு 16 போதும்.

எட்டுக்கட்டம்:
தாராளமா. டிதரிங்கை (இல்லாத நிறத்தைப் புள்ளி கலந்து காட்டுறது) அணைச்சிடுங்க, இல்லேன்னா வானத்தில் புள்ளி தூவும். ஜிஃப்பில் நேரத்தை நூறில் ஒரு பங்கு விநாடியாகத்தான் எண்ண முடியும், அதனால் சரியா 12 கிடைக்காது. ஒரு படத்துக்கு நூறில் 8 பங்கு வைத்தால் விநாடிக்கு 12.5 படம், காவடி கொஞ்சம் வேகமா ஏறும். ஆனா வாட்ஸாப் அதையும் வீடியோவாகத்தான் மாற்றும்.

மலையடி:
அப்போ எம்பி4 தான். நியரஸ்ட், 8 மடங்கு போட்டு இப்போ மறுபடி அனுப்பினேன். எலுமிச்சை மஞ்சளா இருக்கு, வேட்டி வேட்டியா இருக்கு. அத்தை 'அரோகரா' போட்டாங்க. கீழேயே இன்னொரு மெசேஜ்: "உன்டு-ன்னு தப்பா எழுதியிருக்கே."