கிளிநொச்சியில் கிடை நிழல் மணிக்கூடு: மணிக்கோடுகள் இவ்வளவு நெருங்கி விழுவது பிழையா?

பரந்தன் சந்தி எழுதியது:

வணக்கம். எங்கள் பாடசாலை முற்றத்தில், வேம்பின் நிழல் எட்டாத ஓரிடத்தில் சீமெந்து மேடை கட்டி, அதன் மேல் கிடை நிழல் மணிக்கூடு ஒன்றை அமைக்கத் தரம் 10 மாணவர்களுடன் முயன்று வருகிறேன். கணிப்பானைத் தொடாமல், கவராயமும் மூலைமட்டமும் கொண்டே மணிக்கோடுகளை வரைய வேண்டும் என்பது என் விருப்பம்.

வரைந்த முறை இதுதான். வடக்குத் தெற்காக நண்பகற்கோட்டை இழுத்து, அதன் தென்முனையை ஓ என்றும், அங்கிருந்து 60 செ.மீ. வடக்கே உள்ள புள்ளியை அ என்றும் குறித்தேன். ஓ-வில், கிளிநொச்சியின் அகலக்கோட்டுக்குச் சமமான 9.4 பாகைச் சாய்வில் ஒரு கோடு வரைந்து, அ-விலிருந்து அந்தச் சாய்கோட்டுக்குச் செங்குத்து இறக்கினேன். அந்தச் செங்குத்தின் நீளத்தைக் கவராயத்தில் எடுத்து, நண்பகற்கோட்டிலேயே அ-வுக்கு அப்பால் வைத்துக் கிடைத்த புள்ளியை மையமாகக் கொண்டு, 15 பாகைக்கு ஒன்றாகக் கதிர்களை வரைந்தேன். அவை அ-வில் நண்பகற்கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் குறுக்குக்கோட்டை வெட்டிய புள்ளிகளை ஓ-வுடன் இணைத்தேன்.

படத்தைப் பார்த்த மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையே இரண்டரைப் பாகைதான் இருக்கிறது. 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையே 58 பாகைக்கு மேல் திறந்து கிடக்கிறது. படங்களில் காணும் மணிக்கூடுகள் விசிறி போல அழகாக விரிந்திருக்கின்றன. எங்கே பிழைத்தேன்?

பழைய சங்கிலி எழுதியது:

ஆசிரியருக்கு வணக்கம். நில அளவைத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன், வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எங்கும் பிழைக்கவில்லை. நீங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு வரையப்பட்டவை. இலண்டனின் அகலக்கோட்டில் இதே அமைப்பைச் செய்தால் 12-க்கும் 1-க்கும் இடையே ஏறத்தாழ 12 பாகை வரும். நீங்கள் இறக்கிய செங்குத்தின் நீளம் அகலக்கோட்டைப் பொறுத்தது. கிளிநொச்சியில் 60 செ.மீ.க்கு அது 9.8 செ.மீ. மட்டுமே. ஆகவே குறுக்குக்கோட்டில் அ-விலிருந்து 1 மணி 2.6, 2 மணி 5.7, 3 மணி 9.8, 4 மணி 17, 5 மணி 36.6 செ.மீ. தொலைவில் விழ வேண்டும். உங்கள் தாளை அளந்து பாருங்கள். 6 மணிக்கோடு ஓ வழியாக நண்பகற்கோட்டுக்குச் செங்குத்தாகச் செல்லும். அதற்கு அமைப்பு எதுவும் வேண்டாம்.

பாடசாலைப் பாகைமானியால் 9.4 பாகையை நம்பி வரைய முடியாது. 60 செ.மீ. அடியும் 9.9 செ.மீ. உயரமும் உள்ள செங்கோண முக்கோணத்தை வரைந்தால் சாய்வு தானாக அமையும்.

சித்திரை வருடப்பிறப்பை அண்டிக் கிளிநொச்சியில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பின் ஆகஸ்ட் கடைசி வரை அது நண்பகலில் வடக்கே நிற்கும் என்பதால், நட்ட கம்பின் நிழல் தெற்கே விழும். அப்போது மணிக்கூடு குழம்பிவிடும் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். குழம்பாது. நண்பகற்கோட்டின் மேல் நிறுத்தும் முக்கோணத் தகட்டின், நிழலை விழுத்தும் சாய்விளிம்பு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக இருப்பதால், குறித்த மணிக்கு நிழல் எந்த மாதத்திலும் அதே கோட்டில்தான் கிடக்கும். கோடுகளை வரைவதைவிட உண்மை வடக்கைக் காண்பதில்தான் அதிகம் மினக்கெட வேண்டியிருக்கும். திசையறி கருவியை விட்டுவிட்டு, மட்டமான தரையில் தூக்குக்குண்டு பிடித்து ஒரு கம்பை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, நிழலின் நுனி காலையில் ஒரு தடவையும் பிற்பகலில் ஒரு தடவையும் அவ்வட்டத்தைத் தொடும் புள்ளிகளைக் குறித்து, அவ்விரண்டுக்கும் நடுப்புள்ளியைக் கம்பின் அடியுடன் இணையுங்கள்.

முத்தையன்கட்டு எழுதியது:

முன்னவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 5 மணிப்புள்ளி பலகைக்கு வெளியே போய்விடுவது எரிச்சலான விடயம். ஓ-வை மையமாகக் கொண்டு 30 செ.மீ., 4.9 செ.மீ. ஆரைகளில் இரண்டு வட்டங்கள் வரைந்து, ஓ-விலிருந்தே 15 பாகைக் கதிர்களை இழுங்கள். ஒரு கதிர் பெரிய வட்டத்தை வெட்டும் இடத்திலிருந்து நண்பகற்கோட்டுக்குச் செங்குத்தாகவும், சிறிய வட்டத்தை வெட்டும் இடத்திலிருந்து அதற்குச் சமாந்தரமாகவும் கோடுகள் வரைந்தால், அவை சந்திக்கும் புள்ளி அந்த மணிக்கோட்டில் இருக்கும். எல்லாம் தாளுக்குள் அடங்கும்.

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். 6 மி.மீ. இரும்புத் தகட்டில் முக்கோணம் வெட்டி, அதன் நடுக்கோட்டிலிருந்தே எல்லா மணிகளையும் வரைந்துவிட்டேன். மணிக்கூடு நண்பகலை அண்டி, காலையில் கால் மணித்தியாலம் வரை பிந்தியும் பிற்பகலில் அதேயளவு முந்தியும் காட்டியது. ஓ-விலிருந்து 30 செ.மீ. தொலைவில் ஒரு மணிக்கு 1.3 செ.மீ. இடைவெளிதான் இருக்கிறது, அதில் 3 மி.மீ. விலகினால் வேறென்ன நடக்கும்? தகட்டின் தடிப்பளவுக்கு நண்பகற்கோட்டை இரண்டாகப் பிரித்து, காலை மணிகளை மேற்கு விளிம்பிலிருந்தும் பிற்பகல் மணிகளைக் கிழக்கு விளிம்பிலிருந்தும் வரைய வேண்டும்.

பழைய சங்கிலி எழுதியது:

கைக்கடிகாரத்துடன் ஒப்பிடும்போது இன்னொன்று. இலங்கை நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்குரியது. கிளிநொச்சி அதற்கு ஏறத்தாழ 2.1 பாகை மேற்கே இருப்பதால், நிழல் எப்போதும் எட்டரை நிமிடம் பிந்தும். அதனுடன் சூரியனின் பருவ வேறுபாடும் சேரும்: பெப்ரவரி நடுப்பகுதியில் நிழலின் 12 மணி கடிகாரத்தில் 12.22-க்கும், நவம்பர் தொடக்கத்தில் 11.52-க்கும் வரும். (1996 தொடக்கம் 2006 வரை கொழும்புக்கு ஒரு நேரமும் வன்னிக்கு இன்னொரு நேரமுமாக வாழ்ந்த நமக்கு, இது பெரிய அதிசயமாகப் படாது.)

பரந்தன் சந்தி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அளந்தேன், 4 மணிப்புள்ளி மட்டும் 17.4 செ.மீ.யில் இருந்தது, மற்றவை பொருந்துகின்றன. கவராயத்தின் பென்சில் மழுங்கியிருந்ததே காரணம் என்று நினைக்கிறேன். 2 மி.மீ. தகட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். மேடையை ஓ-விலிருந்து ஒரு மீற்றர் நீளத்துக்கு நீட்டினால், 12-க்கும் 1-க்கும் இடையே 4.4 செ.மீ. கிடைக்கும், அதற்குள் கால் மணிகளையும் குறிக்கலாம்.