சாயா சான் கொள்ளைக்காரனா, புரட்சிக்காரனா?

பள்ளத்தூரான்:
எங்க பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதான் வட்டித்தொழில் பண்ண, போனவுக, தராவடிங்கிற ஊர் பக்கம் ஒரு செட்டியார் வட்டிக்கடையில அடுத்தாளா (உதவியாளா) இருந்தாகளாம். வீட்ல பழைய பேச்சு வந்தாலே ‘சாயா சான் கலகம்’னு ஒண்ணு வரும், என்னமோ கொள்ளைக்கூட்டத் தலைவன் மாதிரிதான் அப்பத்தா சொல்லுவாக. நெட்ல பாத்தா பர்மாக்காரங்க அவரை சுதந்திர வீரர்ங்கிறாங்க. நம்ம செட்டியார் ஆளுகளுக்கு எதிராத்தான் கிளம்புனாரா? தெரிஞ்சவுக சொல்லுங்க.

கண்டனூர் கணக்கப்பிள்ளை:
கொள்ளைக்காரன்லாம் இல்லப்பா. 1876ல பொறந்த நாட்டு வைத்தியர், ஜோசியமும் பாப்பாரு. வரிக்கொடுமை, போலீஸ் அடாவடி பத்தி கிராமம் கிராமமா விசாரிச்சவரு. தலைவரின்னு ஒண்ணு, கல்யாணமானவன் வருஷம் 5 ரூபா, ஆகாதவன் பாதி, வெளஞ்சாலும் வெளயாட்டியும் கட்டணும். 1930ல நெல்லு விலை அதளபாதாளத்துக்குப் போயிருச்சு, வசூலைத் தள்ளி வைங்கன்னு கேட்டா வெள்ளைக்கார கவர்மெண்ட் மசியல. டிசம்பர் 22 தராவடியில வெடிச்சிருச்சு. கருடனைப் பச்சை குத்தி, தாயத்து கட்டி, குண்டு தொளைக்காதுன்னு நம்பி வாளும் ஈட்டியுமா மெஷின்கன் முன்னாடி போய் நின்னாங்க பாவம். குறி கவர்மெண்ட் ஆளுகதான், ஊர்த்தலைவருங்க மேலதான் மொதல்ல பாஞ்சாங்க.

தேவகோட்டை ஆச்சி:
அதுக்காக நமக்குச் சம்பந்தமே இல்லைன்னு கை கழுவிட முடியாது தம்பி. கீழ் பர்மாவுல நெல்லு வெளையற 13 முக்கிய ஜில்லாவுல 1930ல நம்மவுக கையில இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1937 வாக்குல 25 சதவீதம். நிலம் வேணும்னு யாரும் கப்பலேறல, போனது வட்டித்தொழிலுக்கு, ஆனா நெல்லு வித்து கடன் கட்ட முடியாதவன் ஈடு வச்ச நிலம் தானா கடைக்கு வந்து சேந்துச்சு. வெள்ளைக்காரன் பர்மா விவசாயி கண்ணுக்கு எப்பவாவதுதான் படுவான், கடைப் பெட்டியடியில உக்காந்திருக்க மேலாள், அதான் கடையை நடத்துறவரு, தெனம் படுவாரு. கோவம் யார் மேல திரும்பும்?

பள்ளத்தூரான்:
ம்ம்... இதெல்லாம் வீட்ல யாரும் சொன்னதில்ல ஆச்சி. கடைசியில என்ன ஆனாரு?

கண்டனூர் கணக்கப்பிள்ளை:
1931 ஆகஸ்டுல பர்மாவுல ஷான்ங்கிற பகுதியில பிடிச்சாங்க. கோர்ட்ல அவருக்காக வாதாடுனவரு டாக்டர் பா மாவ், பின்னாடி 1937ல பர்மாவோட மொதப் பிரதமர் ஆனவரு. அவராலயும் காப்பாத்த முடியல, நவம்பர் 28 தராவடி ஜெயில்லயே தூக்கு. கலகம் 1932 வரைக்கும் இழுத்துச்சு, நூத்துக்கு மேல தூக்குல போட்டாங்க. 1987ல வந்த 90 கியாட் (பர்மா பணம்) நோட்டுல இருக்கறது இவர் மூஞ்சிதான். அப்ப பர்மாவை ஆண்ட ஜெனரல் நே வினுக்கு 9 ராசியாம், அதான் 90ல நோட்டு. ஜோசியருக்குப் பொருத்தமான நோட்டுதான் போங்க.