வளர்ப்புப் பிள்ளைகள் வந்ததால் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார், என்ன செய்வது?

மாடி போர்ஷன், பெரம்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூர் பக்கம் ஒரு மாடி போர்ஷனில் நாலு வருடமாக இருக்கிறோம். வாடகை 11,000, அட்வான்ஸ் 80,000. நான் பிளவுஸ் தைக்கிறேன், கணவர் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. போன தை மாதம் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி அக்கா, தங்கை இரண்டு பேர் எங்களிடம் வந்தார்கள். தத்து இல்லை, வளர்ப்புப் பராமரிப்பு; சட்டப்படி எங்கள் பிள்ளைகள் ஆகாமல், குழு சொல்லும் வரை எங்கள் வீட்டில் வளர்வது. ஃபாஸ்டர் கேர் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் புரிவதில்லை. "யார் வீட்டுப் பிள்ளைங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

வீட்டுக்காரர் முதலில் நல்லபடியாகத்தான் இருந்தார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வீடு பார்க்க வந்த அன்று அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் அரசு தருகிறது என்று யாரோ அவர் காதில் போட்ட பிறகு எல்லாம் மாறிவிட்டது. "காசு வாங்கிக்கிட்டு என் வீட்ல ஹோம் நடத்துறீங்க, இது உள்வாடகை" என்றார். 15,000 கொடுங்கள், இல்லை காலி செய்யுங்கள் என்றார். எங்களால் முடியாது என்றோம். பத்து நாளில் போக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு கதவில் செருகியிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து எங்கள் தொட்டிக்கு மோட்டார் போடுவதில்லை. கீழே அடிபம்பில் பிடித்து மாடிக்குத் தூக்குகிறோம். பெரியவள் பள்ளிக்குப் போகும் முன் நாலு குடம் ஏற்றுகிறாள், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

சின்னவள் யூனிஃபார்மைப் பையில் வைத்து, பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். கீழே சத்தம் கேட்டால் எழுந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள்.

ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்குப் போட்டது, அப்புறம் புதுப்பிக்கவில்லை. வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, எல்லாம் ஜீபே. வீட்டுக்காரர் இப்படி எங்களை வெளியே அனுப்ப முடியுமா? அதைவிட என்னைத் தூங்க விடாத கேள்வி ஒன்று இருக்கிறது. வீடு போனால் பிள்ளைகளைத் திரும்ப ஹோமுக்கு அழைத்துப் போய்விடுவார்களா?

பழைய கோர்ட் குமாஸ்தா:

அம்மா, துண்டுச் சீட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரைக் காலி செய்ய வைக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் ரென்ட் கோர்ட்டில், அதாவது வாடகை வழக்குக்கான கோர்ட்டில், மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். தானாகப் பூட்டுப் போடுவது, சாமானை வெளியே வைப்பது எதுவும் செல்லாது.

தண்ணீரை நிறுத்தியது இன்னும் பெரிய தப்பு. அதே சட்டத்தின் 20-ம் பிரிவு தண்ணீர், மின்சாரம் போன்ற அவசியமானவற்றைத் தடுக்கக் கூடாது என்கிறது. ரென்ட் அத்தாரிட்டியிடம், அதாவது இந்தச் சட்டப்படி உள்ள வாடகை அதிகாரியிடம், மனுக் கொடுத்தால், விசாரணை முடிவதற்கு முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். எந்தத் தேதியிலிருந்து மோட்டார் ஓடவில்லை என்று எழுதி வையுங்கள். தொட்டியைப் படம் எடுங்கள்.

உள்வாடகை என்பது வேறு ஆளிடம் பணம் வாங்கிக்கொண்டு இடத்தை விடுவது. பிள்ளைகள் உங்களோடு ஒரே குடும்பமாக வாழ்கிறார்கள். 4,000 அவர்கள் பராமரிப்புக்கு வருவது, வாடகை அல்ல.

ஆனால் உங்கள் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். பழைய 11 மாத ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இப்போது எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி, காலி செய்யக் கேட்டு வீட்டுக்காரர் 21-ம் பிரிவில் மனுப் போட முடியும். நிறைய பேர் அங்கேதான் தோற்கிறார்கள். அதனால் இப்போதே, 11,000 வாடகைக்கு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யத் தயார் என்று ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்புங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது ஐகோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள்.

அம்பத்தூர் அம்மா:

தங்கச்சி, நானும் வளர்ப்புத் தாய்தான். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். என்னிடம் ஒரு பையன் இருந்தபோதே வில்லிவாக்கத்திலிருந்து இங்கே வீடு மாறினோம். மாறும் முன்பே பாதுகாப்பு அலகில் சொன்னேன், புது வீட்டை வந்து பார்த்தார்கள், பையன் எங்களோடுதான் இருந்தான். பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது குழு. வீட்டுக்காரருக்கு அதில் வேலையே இல்லை. நீங்கள் மறைத்து, அவர்கள் வேறு வழியில் கேள்விப்பட்டால்தான் சந்தேகம் வரும். நாளைக்கே அதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள்.

குழு ஆணையை வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தில் 74-ம் பிரிவு இருக்கிறது. தெருவில் கேட்பவர்களுக்கு "எங்க பிள்ளைங்க" என்று சொன்னால் போதும்.

சின்னவளிடம் "எப்பவும் இங்கதான் இருப்ப" என்று சொல்லாதீர்கள். நம் கையில் இல்லாத வாக்கு அது. "அந்தத் தாத்தா உன்னை அனுப்ப முடியாது, வீடு மாறினா நாலு பேரும் சேர்ந்துதான் மாறுவோம்" என்று சொல்லுங்கள். என் பையன் பையைப் பிரிக்க ரொம்ப நாள் ஆனது. பிரி என்று நான் ஒரு தடவையும் சொல்லவில்லை.

மாடி போர்ஷன், பெரம்பூர்:

ரொம்ப நன்றி ஐயா, அக்கா. குழு ஆணையை அவரிடம் காட்டலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், நல்ல வேளை. இன்று பாதுகாப்பு அலகுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். தண்ணீர் விஷயத்தை அந்த மேடம் எழுதி வாங்கிக்கொண்டார். ஒப்பந்தக் கடிதமும் ஸ்பீட் போஸ்டில் போய்விட்டது. நாளைக்கு அவர் பட்டறைக்கு லீவு சொல்லியிருக்கிறார், இரண்டு பேரும் சட்ட உதவிக்குப் போகிறோம். ஜீபே பக்கங்களை பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டேன்.

அக்கா சொன்னபடியே சின்னவளிடம் சொன்னேன். "நாலு பேருமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பை இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது.