காரைக்குடி பக்கம் வெயில்ல நியூட் வளர்க்க முடியுமா? தொட்டி, சாப்பாடு பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோட்டையூர்_வளவு:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல இருக்க என் சித்தப்பா மகன் வேலைக்கு வெளிநாடு கிளம்புறான், அவன்ட்ட ரெண்டு நியூட் (பாக்க பல்லி மாதிரி, ஆனா தவளைக்குச் சொந்தக்கார நீர்வாழ் ஜீவன்) இருக்கு, அதை எங்கிட்ட விட்டுட்டுப் போறேங்கிறான். முதுகு கருப்பு, வயிறு நல்ல ஆரஞ்சு, அதுல திட்டு திட்டா கருப்பு, நீளம் ஒரு விரல் அளவுதான். சைனா ஃபயர் பெல்லின்னு சொன்னான். நான் கப்பி, மோலி, கோல்ட்ஃபிஷ் எல்லாம் வளர்த்திருக்கேன், "மீன் வளர்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா"ன்னு அவன் சுளுவா சொல்லிட்டான், எனக்குத்தான் பயமா இருக்கு.

எங்களது பழைய வீடு, ரெண்டாங்கட்டுல முத்தத்தை ஒட்டி ஒரு ரூம், சுவர் ரெண்டு அடி கனம், மத்தியானம் கூட உள்ள போனா குளுகுளுன்னு இருக்கும். அங்க 2 அடி தொட்டி வைக்கலாம்னு இருக்கேன். போர் தண்ணி லேசா உப்பு கரிக்கும், ஆனா மழைத்தண்ணி அண்டாவுல பிடிச்சு வச்சிருக்கோம், அதையே ஊத்திரலாமா? சாப்பாடு என்ன, எத்தனை தடவை? அப்பத்தா வேற "பல்லியத் தண்ணில போட்டு வளக்கப் போறீகளாக்கும்"னு காலைல இருந்து ஒரே பாட்டு.

தொட்டிப்பித்தன்:
தம்பி, தொட்டி சாப்பாடு எல்லாம் அப்புறம், மொதல்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அந்த ரூம்ல ஒரு வாளித் தண்ணில போட்டு மத்தியானம் 3 மணிக்கு எவ்ளோ காட்டுதுன்னு பாரு. உனக்கு குளுகுளுன்னு இருக்கதும் நியூட்டுக்கு குளிர்ச்சியா இருக்கதும் வேற வேற. அதுக்கு 16ல இருந்து 22 டிகிரி வரைக்கும் சுகம், 24 தாண்டுனா சாப்பாட்டக் குறைக்கும், தண்ணிய விட்டு வெளிய வந்து கல்லு மேலயே உக்காந்திருக்கும், அதுக்கும் மேல போனா தோல்ல பூஞ்சை, குடல்ல கிருமின்னு ஒண்ணொண்ணா வரும், நாம கெட்ட தண்ணி போலன்னு தண்ணிய மாத்திக்கிட்டே இருப்போம், அது பாட்டுக்கு செத்துரும். நம்ம பக்கம் சித்திரையில எவ்ளோ கனத்த சுவரா இருந்தாலும் ரூமுக்குள்ள 30க்குக் கீழ இறங்காது.

ஃபேன் வைக்கிறது ஒரு வழி. தண்ணி மேல படுற மாதிரி சின்ன கிளிப் ஃபேன் மாட்டுனா ஆவியாகுறதுல 3, 4 டிகிரி இறங்கும், நம்ம ஊரு காத்து காய்ஞ்சு கிடக்கதால கடலோரத்த விட இங்க நல்லாவே வேலை செய்யும். கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் இதுவே போதும்னு சொல்லலாம். ஆனா 32ல இருந்து 4 கழிச்சா 28, அது நியூட்டுக்கு அடுப்பு. பங்குனி பொறந்தா ஏசி ரூம், இல்லைனா கம்ப்ரெசர் வச்ச சில்லர், அதாவது தொட்டித் தண்ணிய குளிர வைக்கிற மெஷின். பெல்டியர் சில்லர்னு கம்ப்ரெசர் இல்லாத சின்னது ஆன்லைன்ல சீப்பா வரும், காசு தண்டம், நம்ம வெயிலுக்கு அது பத்தாது. இந்த ரெண்டுல ஒண்ணுக்கு வழியில்லைனா நேரா சொல்றேன், வாங்காத. நல்லா பாத்துக்கிட்டா 10, 15 வருசம் கூட இருக்கிற ஜீவன், ஒரு கோடைக்கு பலி கொடுக்க வேண்டாம்.

கரண்ட் கட்டுக்கும் யோசிச்சுக்கோ. பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்துனா சாயங்காலந்தான் வரும். தண்ணி பாட்டில் நாலஞ்சு ஃப்ரீசர்ல எப்பவும் கிடக்கட்டும், ஒண்ணு ஒண்ணா மூடியோட மிதக்க விடு, ஐஸ்கட்டிய அப்படியே கொட்டாத. ஒரேயடியா சில்லுனு ஆக்குறதும் ஆபத்து.

பள்ளத்தூர்_ஆச்சி:
நான் ஆக்ஸலாட்டல் (தண்ணிக்குள்ளயே வாழ்ற, நியூட்டுக்குச் சொந்தக்கார ஜீவன்) வளர்க்கிறேன், நியூட்டும் முன்ன வச்சிருந்தேன், குளிர்ச்சி விஷயத்துல ரெண்டும் ஒரே வம்சந்தான். மேல தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் தண்ணி பத்தி சொல்றேன்.

மழைத்தண்ணிய மட்டும் ஊத்தாதப்பா. அதுல தாது உப்பு ஒண்ணும் கிடையாது, பி.எச். (தண்ணியோட அமில, கார அளவு) நிலையா நிக்காது. போர் தண்ணிய மட்டும் ஊத்துனாலும் சிக்கல், பி.எச். 8க்கு மேல இருந்துச்சுன்னா அதுக கழிவுல வர்ற கொஞ்சூண்டு அம்மோனியாவே விஷமாயிரும், சூடும் சேந்தா இன்னும் மோசம். ரெண்டையும் கலந்து பி.எச். 7, 7.5 கிட்ட கொண்டு வா. குழாத்தண்ணின்னா குளோரின் போக மருந்து போட்டுத்தான் ஊத்தணும். ஃபேன் ஓடுறப்ப தண்ணி குறையும்ல, அதுக்கு மட்டும் மழைத்தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊத்து, ஏன்னா ஆவியா போறது வெறும் தண்ணிதான், உப்பெல்லாம் தொட்டியிலயே தங்கி ஏறிக்கிட்டே போகும்.

முக்கியமா கேக்கணும், உங்க அண்டா என்ன அண்டா? பித்தளை, செம்புல பிடிச்ச தண்ணி வேண்டவே வேண்டாம். தாமிரம் நமக்கு நல்லதா இருக்கலாம், இதுக தோல் வழியாவே எல்லாத்தையும் உறிஞ்சுறதுக, தாங்காது. எவர்சில்வர், பிளாஸ்டிக்னா பரவாயில்ல. அதே மாதிரி மீனுக்கு ஊத்துற நீல மருந்து, பச்சை மருந்து, கல்லுப்பு எதையும் கேக்காம ஊத்திராத.

இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல உடைஞ்ச ஆத்தங்குடி கல்லு கிடக்கும், பூப்போட்டு பாக்க லட்சணமா இருக்கேன்னு ஏறி உக்கார அதைப் போடத் தோணும். அது சிமெண்டு, பி.எச்.ச ஏத்திவிட்ரும். பழைய நாட்டு ஓடு போடு, சுட்ட மண்ணு, ஒண்ணும் செய்யாது. ரெண்டு ஓட்ட கவுத்து வச்சா கீழ ஒளிய இடம், மேல தண்ணிக்கு வெளிய ஏறி உக்கார இடம்.

தொட்டிப்பித்தன்:
ஆச்சி சொன்னதோட சேத்து தொட்டிய முடிச்சிர்றேன். 2 அடிக்கு 1 அடி தொட்டி ரெண்டு நியூட்டுக்கு தாராளம். தண்ணி 8 இஞ்ச் போதும், விளிம்பு வரைக்கும் நிரப்பாத, ஈரக் கண்ணாடியில வயிற ஒட்டிக்கிட்டு விறுவிறுன்னு ஏறிரும். கொசுவலை அடிச்ச சட்டம் ஒண்ணு ஆசாரிகிட்ட சொல்லி அளவா செஞ்சு நாலு பக்கமும் கிளிப் போடு, காத்தும் போகும், இதுவும் போகாது. ஃபில்டர் வயர் நுழையுற ஓட்டைய அடைக்க மறந்துராத, அந்த வழியாத்தான் தப்பிச்சு கட்டிலுக்கு அடியில காய்ஞ்சு கருவாடா கிடக்கும்.

ஃபில்டர் ஸ்பாஞ்ச் மட்டும், ஏர் பம்ப்பையும் மெதுவா வை. இதுக ஓடாத தண்ணில வாழ்ந்த சாதி, இழுப்பு ஆகாது. அடியில பொடி மணல், இல்லைனா ஒண்ணும் வேண்டாம். மீன் தொட்டிக்கு போடுற கலர் ஜல்லி கூடவே கூடாது, சாப்பாட்டோட சேத்து முழுங்கிரும். ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், வேலம்பாசி அடர்த்தியா போட்டு விடு. உன் கப்பி எதையும் இதுகூட விட்ராத, அது இத கடிக்கும், இது அத முழுங்கும். வாரத்துக்கு கால்வாசித் தண்ணி மாத்து. அம்மோனியா, அது மாறி வர்ற நைட்ரைட், ரெண்டும் டெஸ்ட்ல 0 காட்டணும்.

மண்புழுவும்_நானும்:
சாப்பாட்டு டிபார்ட்மெண்ட் நம்மது 😀 மண்புழுதாங்க ராஜா. வாழை மரத்தடியில ஈரமா இருக்க இடத்தைக் கிளறுனா கிடைக்கும், ஆனா பூச்சி மருந்து, உரம் படாத இடமா பாத்துக்கங்க. உரத்துக்குன்னு விக்கிற செவப்புப் புழுவ வாங்காதீங்க, அது கசப்பா ஒரு தண்ணி விடும், வாயில வச்சதும் துப்பிரும். புழுவ கழுவி, நியூட்டோட தலை அகலத்துக்கு துண்டா வெட்டி, முனை மழுங்குன இடுக்கில பிடிச்சு மூக்குக்கு முன்னாடி லேசா ஆட்டணும். உடனே கவ்வாது. தலைய ஒரு பக்கமா சாய்ச்சு பாக்கும், ஒரு கால் எடுத்து வைக்கும், அப்பறம் நிக்கும், நமக்கு கை வலிக்கும், சரி வேண்டாம் போலன்னு எடுக்கப்போற நேரத்துல லபக்குன்னு கவ்வி தலைய ரெண்டு உதறு உதறி, வெளிய தொங்குறத முன்னங்காலால தள்ளிவிட்டுக்கிட்டே முழுங்கும். நானெல்லாம் இதுக்காகவே வளர்க்கிறேன்.

பெரிய நியூட்டுக்கு வாரத்துல ரெண்டு, மூணு வேளை போதும், தினம் போட்டா குண்டாயிரும், தண்ணியும் நாறும். குட்டின்னா தினம். மண்புழு கிடைக்காதப்ப ஃப்ரோசன் பிளட்வார்ம் (செவப்புப் பூச்சிப் புழு), டாஃப்னியா (தண்ணில வாழ்ற பொடி உயிரு). டியூபிஃபெக்ஸ்னு நூல் மாதிரி புழு எல்லா மீன் கடையிலயும் கிடைக்கும், ஆனா அது சாக்கடையில வர்ற சரக்கு, நான் தொட மாட்டேன். மீன் தீனிய பெரும்பாலும் சீண்டாது, அது அசையுறதத்தான் சாப்பாடுன்னு நம்பும். மிச்சம் கிடந்தா ஒரு மணி நேரத்துல எடுத்துருங்க. புது இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நாள் சாப்பிடாது, பதறாதீங்க. தோல உரிச்சு அதையே தின்னும், அதுக்கும் பதறாதீங்க.

கோட்டையூர்_வளவு:
அடேயப்பா, எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு மத்தியானமே வாளில வச்சுப் பாத்தேன், 28! மாசியிலயே இப்படி. அண்டா பித்தளைதான் ஆச்சி, நல்லவேளை சொன்னீங்க. அப்பச்சி ரூம்ல ஏசி இருக்கு, ஆனா ராத்திரி மட்டுந்தான் போடுவாங்க, அது பத்துமா? தொட்டு தூக்கலாமா? லைசென்ஸ் கிய்சென்ஸ் ஏதும் வேணுமா?

ஊரணிக்கரை:
தொடாம இருக்கது நல்லதுங்க, அதோட தோல்ல டெட்ரோடோடாக்சின் இருக்கு, பலூன் மீன்ல இருக்க அதே விஷம். தொட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா தொட்டியில கை வச்சா சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் கண்ணு வாய் பக்கம் கொண்டு போகணும். சின்னப் பிள்ளைக இருந்தா உஷார்.

சட்டம்னு பாத்தா 2022ல வனவிலங்கு சட்டத்தைத் திருத்தி, 2024ல விதி போட்டு, சைட்டீஸ் (அரிய உயிரினங்க வியாபாரத்தக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்க வெளிநாட்டு உயிரினம் வச்சிருக்கவங்க மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதியணும்னு ஆக்கிட்டாங்க. ஆக்ஸலாட்டல் அந்த பட்டியல்ல இருக்கு, ஆச்சி பதிஞ்சிட்டீங்களா? நியூட்லயும் பாராமெசோட்ரைட்டான், டைலோட்டோட்ரைட்டான் வகையெல்லாம் 2019ல இருந்து இருக்கு. பாராமெசோட்ரைட்டானுக்கும் வயிறு ஆரஞ்சாத்தான் இருக்கும், ஆனா தோலு சொரசொரன்னு, ஆளும் பெருசு. அதனால உங்களது எதுன்னு பாக்க ஒரு தெளிவான ஃபோட்டோ போடுங்க. டார்ஜிலிங் மலையில இருக்க நம்ம நாட்டு நியூட்ட யாராவது தர்றேன்னா தொடவே தொடாதீங்க, பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

அப்பறம் ஒரு வேண்டுகோள், தொட்டித் தண்ணிய ஊரணியிலயோ வாய்க்கால்லயோ ஊத்தாதீங்க. வெளிநாட்டு நியூட் தோல்ல கைட்ரிட்னு ஒரு பூஞ்சை ஒட்டிக்கிட்டு வரலாம், நம்ம தவளைகளுக்கு அது ஆகாது. பிளீச்சிங் பவுடர் கலந்து வச்சிட்டு அப்பறம் கழிவுல ஊத்துங்க. முடியலைன்னு ஆயிட்டாலும் ஊரணியில விட்டுறாதீங்க.

பள்ளத்தூர்_ஆச்சி:
பதிஞ்சாச்சுப்பா, ரசீது பத்திரமா இருக்கு.

தொட்டிப்பித்தன்:
ராத்திரி ஏசி மட்டும் பத்தாது தம்பி. ராத்திரி 22, பகல்ல 31னு தினம் ஏறி இறங்குனா அது இன்னும் கெடுதல். அப்பச்சிகிட்ட பேசி சில்லருக்கு வழி பண்ணு, முடியலைன்னா சித்தப்பா மகன்ட்ட பெங்களூர்லயே யாருக்காவது கொடுக்கச் சொல்லு, அங்க ஃபேனோட சமாளிச்சுரலாம். எடுத்துக்கிறதா முடிவு பண்ணா தெர்மாகோல் பெட்டியில ஈர டிஷ்யூ விரிச்சு ராத்திரி பஸ்ல கொண்டு வரச்சொல்லு, தண்ணி நிரப்ப வேண்டாம். முக்கியமா அவன் தொட்டியில ஓடிக்கிட்டிருக்க ஸ்பாஞ்ச் ஃபில்டர கழுவாம, அதே தண்ணில நனைச்சு ஒரு டப்பாவுல போட்டு கூடவே கொண்டு வரணும். அதுலதான் அம்மோனியாவ தின்னுற பாக்டீரியா இருக்கு, புதுசா ஆரம்பிச்சா அது வளர ஒரு மாசத்துக்கு மேல ஆகும்.